பட்டனை அழுத்தியது யார்?

ட்ரோன் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது வாசகர் ஒருவர் கேட்டார்: "அந்தக் காலத்தில் புறாமேல் கேமராவைக் கட்டிப் படம் எடுத்தார்களாமே, பட்டனை யார் அழுத்தியது?"

பலூனிலும் பட்டத்திலும் கேமரா ஏறியது 19-ஆம் நூற்றாண்டிலேயே. புறாவுக்கு அதை மாட்டியவர் ஜெர்மனியின் க்ரோன்பெர்க் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜூலியஸ் நொய்ப்ரோனர். அவசர மருந்துகளைப் புறா வழியாக வரவழைப்பவர். ஒருமுறை மூடுபனியில் தொலைந்த புறா, நான்கு வாரம் கழித்து நன்றாகத் தின்று கொழுத்துத் திரும்பியது. இத்தனை நாள் எங்கேதான் இருந்தது? அந்த ஆவலில் பிறந்ததுதான் புறா கேமரா.

எடை 75 கிராமுக்குள் இருக்க வேண்டும். 450 கிராம் புறாவுக்கு அதுவே பெரிய பாரம். 60 கிலோ ஆள் 10 கிலோ அரிசிப் பையை மார்பில் கட்டிக்கொண்டு ஓடுவதுபோல. கூட்டிலிருந்து தொலைவில் கொண்டுபோய் விட்டால், புறா வீடு பார்த்துப் பறக்கும்.

சரி, பட்டன்? அதை அழுத்தியது காற்று! கேமராவுக்குள் ஒரு சிறு அறை, அதில் ஒரு பிஸ்டன். கிளம்புமுன் அறைக்குள் காற்றை அடைப்பார்கள், பிஸ்டன் தள்ளப்படும். அப்புறம் மயிரிழைபோன்ற குழாய் வழியாகக் காற்று கசியக் கசிய, பிஸ்டன் மெல்லப் பழைய இடத்துக்கு நகரும். குறிப்பிட்ட புள்ளியைத் தொட்டதும் ஷட்டரைத் தட்டிவிடும். முள் குத்திய சைக்கிள் டியூப் மெதுவாக இறங்குமே, அந்தக் கசிவுதான் இங்கே கடிகாரம்! குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால், அதே அழுத்தத்தில் காற்று 16-இல் ஒரு பங்குதான் வெளியேறும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் புறாவுக்கு ஒரு நிமிடம் என்பது ஒரு கிலோமீட்டர். ஆக, எந்த ஊர் படத்தில் விழும் என்பதையே அந்த மெல்லிய குழாய்தான் முடிவு செய்கிறது. பேட்டரி இல்லை, மின்சாரம் இல்லை. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுக்காத ஏற்பாடு இது.

1907-இல் காப்புரிமை கேட்டபோது, இது நடக்காத காரியம் என்று அலுவலகம் மறுத்துவிட்டது. சான்றளிக்கப்பட்ட படங்களைக் காட்டிய பிறகு, 1908-இல் கிடைத்தது. 'இதனால் என்ன பயன்?' என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் ஆய்வு நிதி விண்ணப்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் இவர்தான் நினைவுக்கு வருகிறார். ஒரு புறா எங்கே சுற்றியது என்று அறியும் ஆவலுக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கத்தான் வேண்டும்.

1909-இல் ட்ரெஸ்டன் கண்காட்சியில் புறாக்கள் கொண்டுவந்த படங்களை உடனே கழுவி, தபால் அட்டைகளாக விற்றார்கள். முதல் உலகப் போரில் ராணுவமும் சோதித்துப் பார்த்தது. ஆனால் அதற்குள் விமானங்கள் வந்துவிட்டன. அவர் எடுத்த க்ரோன்பெர்க் கோட்டை மாளிகைப் படத்தைத் தேடிப் பாருங்கள். மாளிகைக்கு இரண்டு பக்கமும் புறாவின் சிறகு நுனிகள் விழுந்திருக்கும்.