அழகியலும் மெய்ப்பாடும்

கலையைப் பற்றி எழுதுபவர்களின் கையில் அன்றாடம் புழங்கும் சொல் 'அழகியல்'. 'ஏஸ்தெடிக்ஸ்' என்ற ஐரோப்பியச் சொல்லுக்கு நாம் வைத்துக்கொண்ட பெயர் இது. உளவியல், சமூகவியல் வரிசையில் அழகோடு இயலைச் சேர்த்துத் துறைப்பெயராக்கிவிட்டோம். முருகியல் என்றும் சிலர் எழுதினார்கள். இலங்கைப் பள்ளிகளில் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் ஆகியவை அழகியற் பாடங்கள். ஒப்பனைத் தொழிலான அழகுக்கலை வேறு. அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மூலச்சொல்லில் அழகு இல்லை. கிரேக்கத்தில் 'ஐஸ்தேசிஸ்' என்றால் புலன்களால் உணர்தல். பார்ப்பது, கேட்பது, சுடுவது, வலிப்பது எல்லாம் அதில் அடங்கும். அறுவை சிகிச்சைக்கு முன் கொடுக்கும் 'அனஸ்தீசியா' அதே வேரில் முளைத்தது. எதிர்மறை முன்னொட்டு சேர்ந்ததால் உணர்வின்மை என்று பொருள்படுகிறது. 1846-இல் ஈதர் மயக்கம் புதிதாக வந்தபோது அதற்கு இந்தப் பெயரைப் பரிந்துரைத்தவர் அமெரிக்க மருத்துவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ்.

துறைப்பெயராக இச்சொல்லை நிறுவியவர் ஜெர்மானியத் தத்துவவாதி பாம்கார்ட்டன். 1735-இல் தம் ஆய்வேட்டில் இதைப் பயன்படுத்தினார். 1750-இல் இதையே தலைப்பாக வைத்து லத்தீனில் நூல் எழுதினார். புலனறிவைப் பற்றிய அறிவியல் என்பது அவர் தந்த வரையறை. அந்தப் புலனறிவு நிறைவடைந்தால் அதுவே அழகு என்றும் அவர் சொன்னார். அழகு இந்த வழியாகத்தான் உள்ளே நுழைந்தது. ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட், அழகைப் பற்றிய ஆய்வுக்கு இந்தப் பெயரை வைப்பதை 1781-இல் ஓர் அடிக்குறிப்பில் ஆட்சேபித்தார். அவருக்குப் பின் வந்த தத்துவவாதி ஹெகல், பெயர் அவ்வளவாகப் பொருந்தவில்லை என்று சொல்லிக்கொண்டே கவின்கலைகளின் தத்துவத்துக்கு அதையே வைத்துக்கொண்டார். நம்மிடம் வந்து சேர்ந்தபோது புலன் உதிர்ந்து அழகு மட்டும் மிஞ்சியிருந்தது.

இதனால் என்ன குறை? வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் திருவிழாவில் துகிலுரிதல் கூத்து நடக்கும் இரவை எண்ணிப் பாருங்கள். துச்சாதனன் சேலையைப் பற்றி இழுக்கிறான். திரௌபதி வேடம் கட்டியவர் கூந்தல் விரிய, குரல் உடையக் கண்ணனைக் கூவி அழைக்கிறார். முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். கண்ணீர் வழிகிறது, துடைக்கவும் தோன்றவில்லை. இதை அழகு என்று சொல்ல யாருக்கும் நா எழாது. ஆனால் கலை தன் வேலையை முழுமையாகச் செய்துவிட்ட இடம் இதுதான்.

இந்த நிகழ்வுக்குத் தொல்காப்பியத்தில் பெயர் இருக்கிறது: மெய்ப்பாடு. உள்ளத்தில் நிகழ்வது பிறருக்குப் புலப்படும்படி வெளிப்படுதல் என்பது பொருள். நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (சினம்), உவகை என எட்டாக அந்நூலின் மெய்ப்பாட்டியல் என்ற இயல் இவற்றை வகுக்கிறது. அழுகை, இளிவரல், அச்சம், வெகுளி ஆகிய நான்கையும் அழகு என்ற கூரையின் கீழ் எப்படிக் கொண்டுவருவது? அழுகை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் நான்கைச் சொல்கிறார்: இளிவு, இழவு, அசைவு (பழைய நிலை கெட்டு வருந்துதல்), வறுமை. முதலில் நிற்கும் இளிவு பிறரால் இகழப்படுதல். சபை நடுவே நிறுத்தப்பட்ட திரௌபதியின் நிலை அதுவே.

தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய, பேராசிரியர் என்றே பெயர் வழங்கும் பழைய உரையாசிரியர் இதை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டுகிறார். சுவைக்கப்படும் பொருள் ஒன்று. அதை நுகர்ந்த பொறியுணர்வு அடுத்தது. அது மனத்தில் பட்டபோது எழும் குறிப்பு மூன்றாவது. கண்ணீர் அரும்பல், மெய்ம்மயிர் சிலிர்த்தல் என்று உடம்பில் வரும் மாற்றம் நான்காவது. கூத்து, பாட்டியின் கண்ணும் காதும், அவள் நெஞ்சு, அவள் கண்ணீர் என்று நான்கும் வரிசையாக அமைந்துவிடுகின்றன. இத்தனை நுட்பமான பகுப்பு கையில் இருக்க, 'அழகியல் அனுபவம்' என்று வெறுமையாக எழுதிப் போவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

மெய்ப்பாடு மேடையில் இருப்பவருக்கு உரியதா, பார்ப்பவருக்கு உரியதா என்ற கேள்வி வரும். இன்று கிடைக்காத செயிற்றியம் என்ற நூலின் சூத்திரம் ஒன்று உரைகளில் தப்பி வந்திருக்கிறது: 'உய்ப்போன் செய்தது காண்போர்க்கு எய்துதல் மெய்ப்பாடு என்ப மெய்யுணர்ந்தோரே'. செய்தவனிடமிருந்து காண்பவரிடம் போய்ச் சேர்வதுதான் மெய்ப்பாடு. சேரவில்லை என்றால் குறை எப்போதும் கலைஞனுடையது என்றும் சொல்ல முடியாது. மெய்ப்பாட்டியலின் கடைசிச் சூத்திரம், கண்ணாலும் செவியாலும் திண்ணிதாக உணரும் உணர்வுடைய மாந்தருக்கு அல்லாமல் இந்த நயம் பிடிபடாது என்கிறது. கிரேக்கச் சொல்லில் இருந்த புலன் இங்கே கண்ணாகவும் செவியாகவும் நிற்கிறது.

'ரசனை' வடமொழி ரசத்திலிருந்து வந்தது. ரசம் என்றால் சாறு, சுவை. ரசிக்கும் திறனைக் குறிக்க அந்தச் சொல் நன்றாக நிலைத்துவிட்டது, இருக்கட்டும். சுவையுணர்வு என்று எழுதினாலும் எல்லாருக்கும் புரியும். துறையின் பெயராக அழகியலும் நீடிக்கட்டும்; பாடத்திட்டம்வரை வேர்விட்ட சொல்லைப் பிடுங்குவதில் பயன் இல்லை. கலை ஒருவருக்குள் என்ன செய்தது என்று சொல்ல வரும்போது மட்டும் மெய்ப்பாட்டை எடுத்தாளுங்கள். எட்டில் எது என்றும் சொல்லுங்கள்.

'அழகியல் ரீதியாகச் சிறந்த படைப்பு' என்ற வரியால் வாசகருக்கு எதுவும் கிடைப்பதில்லை. மருட்கை என்று எழுதினால், அது எதனால் வந்தது என்ற அடுத்த கேள்வி தானே எழும். புதுமை, பெருமை (அளவில் பெரிதாயிருத்தல்), சிறுமை (மிக நுண்ணியதாயிருத்தல்), ஆக்கம் (ஒன்று வேறொன்றாக மாறுதல்) என்று அதற்கும் நான்கு காரணங்கள் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் அண்ணாந்து நிற்பவருக்கு வருவது பெருமையால் வந்த மருட்கை. சோழர் காலச் செப்புத் திருமேனியின் விரல் நகத்தைக் குனிந்து பார்ப்பவருக்கு வருவது சிறுமையால் வந்தது.