கானமயிலுக்கு மரம் வேண்டாம்

தார்ப் பாலைவனப் பறவைகளுக்கு உதவ முன்வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எத்தனை மரக்கன்று நடலாம் என்பதைத்தான். எண்ணம் நல்லதுதான். ஆனால் ஜெய்சல்மேர் மாவட்டத்துப் புல்வெளியில் நடும் ஒவ்வொரு மரமும் கானமயிலுக்கு இடைஞ்சல். உள்ளூர் மக்கள் கோடாவண் என்று அழைக்கும் இந்தப் பறவைதான் ராஜஸ்தானின் மாநிலப் பறவை. ஆண் பறவை 15 கிலோ வரை எடை இருக்கும். இயற்கையில் இன்று எஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு, அவற்றில் மிகப் பெரும்பாலானவை தாரில்தான் இருக்கின்றன. வெட்டவெளியில் நின்று, தூரத்தில் வரும் ஆபத்தைப் பார்த்து விலகிப் பிழைக்கிற பறவை இது. மரக்கூட்டம் அந்தப் பார்வையை மறைக்கும். முட்டை தேடும் காகத்துக்கு உட்கார இடமும் கொடுக்கும். பெட்டை பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும், அதையும் வெறும் தரையில்.

கானமயிலுக்கு வேண்டியது செவண் என்ற பாலைவனப் புல். ஆண்டு மழை 200 மில்லிமீட்டரைக்கூட எட்டாத மணலிலும் பல ஆண்டுகள் தூர்விட்டு நிற்கும். டிராக்டர் ஆழ உழுதால் தூர் பெயர்ந்துவிடும். இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீர் எட்டிய இடங்களில் புல்வெளி வயலானது இப்படித்தான். மறுபடி வளர்க்க ஹெக்டேருக்கு 5 முதல் 7 கிலோ விதை போதும். விதை லேசானது, காற்று அள்ளிக்கொண்டு போகும். அதனால் களிமண், சாணம், மணலோடு பிசைந்து சிறு உருண்டைகளாக்கி, பருவமழை தொடங்கும் தருணத்தில் விதைக்க வேண்டும். ஆழம் 1 அல்லது 2 சென்டிமீட்டருக்கு மேல் போனால் முளை மேலே வராது. முதல் ஆண்டு முழுவதும் ஆடுமாடு உள்ளே வரக்கூடாது. விதைப்பு பொய்த்துப்போவதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். புல் தூர்விட்ட பிறகு அளவான மேய்ச்சலால் கெடுதல் இல்லை. தெய்வத்தின் பெயரால் ஊரார் தலைமுறைகளாகக் காத்துவரும் ஓரண் நிலங்களில் கால்நடையும் பறவையும் சேர்ந்தே வாழ்கின்றன. மேய்ப்பர்களை நிரந்தரமாக விரட்டும் திட்டம் எதுவும் அங்கே நிலைக்காது.

புல்வெளியில் பரவிய சீமைக்கருவேலத்தை அகற்றியே ஆக வேண்டும். தரையோடு வெட்டினால் பல கிளையாகத் துளிர்க்கும். மண்ணுக்குள் சுமார் 30 சென்டிமீட்டர் தோண்டி, வேர்க்கழுத்தோடு எடுக்க வேண்டும். நெற்றைத் தின்ற கால்நடையின் சாணம் வழியாக விதை திரும்ப வரும் என்பதால் நாற்றுகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பிடுங்க வேண்டும். தானாக அங்கங்கே நிற்கும் வன்னி, இலந்தை, கேர் என்ற முட்புதர் ஆகியவற்றைத் தொடக்கூடாது. இலந்தையும் கேரும் கானமயிலுக்குப் பழம் தருபவை.

வளர்ந்த பறவைகளை அதிகம் கொல்வது மின்கம்பி. கானமயிலின் கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்தவை. முன்னோக்கிய பார்வைப் பரப்பு மிகக் குறுகியது. பறக்கும்போது கீழே நிலத்தைப் பார்க்கத் தலையைத் தாழ்த்தினால், போகும் திசையே அதற்குத் தெரியாமல் போகலாம். கம்பி தெரிந்தாலும், அத்தனை எடையோடு சட்டென்று திரும்ப முடியாது. கோபுர உச்சியில் ஓடும் மெல்லிய எர்த் வயர் கண்ணில் படாததால் அதுதான் மிக ஆபத்தானது. தாரில் ஆண்டுக்குச் சுமார் 18 கானமயில்கள் கம்பியில் மோதி இறப்பதாக இந்திய வனவிலங்கு நிறுவனம் மதிப்பிட்டது. இவ்வளவு சிறிய கூட்டம் அந்த இழப்பைத் தாங்காது.

கம்பியில் மாட்டும் சுழல் தகடுகளான டைவர்ட்டர்கள் மோதலைக் குறைக்கும், முழுமையாக நிறுத்தாது. தகடு கழன்று விழும், வெயிலில் நிறம் மங்கும், மணல் புகுந்து சுழற்சி நிற்கும். மாட்டிய கையோடு பராமரிப்புக்கும் ஆள் நியமிக்காவிட்டால் பயன் சில காலம்தான். தாழ்வழுத்தக் கம்பிகளை மண்ணுக்குள் கொண்டுபோவதே உறுதியான வழி. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் அதைத் திருத்தி, எந்தத் தடத்தில் எது சாத்தியம் என்று பார்க்க நிபுணர் குழு அமைத்தது. இந்தக் கம்பிகளில் பல சுமந்து செல்லும் சூரிய மின்சாரம் வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் தடம் வரையும்போதே பறவையின் வழியைத் தவிர்ப்பது, பிறகு தகடு மாட்டுவதைவிட மலிவு.

அடுத்த எதிரி நாய். ஊருக்கு வெளியே வீசும் கால்நடைச் சடலமும் சுற்றுலா விடுதிகளின் உணவுக் கழிவும் நாய்களைப் பெருக்குகின்றன. கருத்தடை செய்தாலும், ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்தையாவது அடுத்த குட்டிப் பருவத்துக்கு முன் முடிக்காவிட்டால் எண்ணிக்கை பழையபடி ஏறிவிடும். குடிநீர்த் தொட்டியை முட்டையிடும் இடத்தருகே கட்டுவதும் தவறு. தண்ணீருக்கு வரும் நாயும் நரியும் கூட்டைக் கண்டுபிடித்துவிடும்.

ஜெய்சல்மேர் மாவட்டத்துச் சாம் கிராமத்திலும் ராம்தேவ்ராவிலும் உள்ள கானமயில் இனப்பெருக்க மையங்களில் குஞ்சுகள் வளர்கின்றன. 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் மூலமும் ஒரு குஞ்சு பொரித்தது. பெரிய சாதனை இது. ஆனால் அந்தக் குஞ்சுகளை விடுவிக்கக் கம்பியில்லாத, நாயில்லாத புல்வெளி வேண்டும்.

ஜெய்சல்மேர் செல்லும் பயணிகள் ஜீப்பைத் தடம் விட்டு இறக்கச் சொல்லாதீர்கள். அடைகாக்கும் பெட்டை மிரண்டு எழுந்தால், முட்டை கொதிக்கும் வெயிலிலும் காகத்தின் கண்ணிலும் விடப்படும். கூட்டின் இடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். கம்பியின் கீழே இறந்த பறவையைக் கண்டால் தொடாமல் படம் எடுங்கள். அருகிலுள்ள மின்கம்பத்தின் எண்ணையும் ஜிபிஎஸ் இடத்தையும் குறித்து, அன்றே வனத்துறையிடம் கொடுங்கள். இரவில் நரி இழுத்துப் போய்விட்டால் அந்த மரணம் எந்தக் கணக்கிலும் ஏறாது.