கொலை முயற்சி வழக்கு: தண்டனை வேறு, இழப்பீடு வேறு

2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு, இந்திய தண்டனைச் சட்டத்தின் 307ஆம் பிரிவுக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 109ஆம் பிரிவு பொருந்தும். கொல்லும் எண்ணத்துடன் ஒருவரை நோக்கிச் சுட்டால், குண்டு அவர்மீது படாவிட்டாலும் அது கொலை முயற்சியே. அதற்கு 10 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் உண்டு. காயம் ஏற்பட்டிருந்தால் ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம்.

அரிவாள் வெட்டில் கைவிரல்கள் மடங்காமல் போன ஒரு தறித் தொழிலாளிக்கு, வெட்டியவர் சிறை சென்றாலும் மருத்துவச் செலவும் இழந்த கூலியும் திரும்பி வருவதில்லை. அதற்காகவே சட்டம் இரண்டு வழிகளை வைத்திருக்கிறது. குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 395ஆம் பிரிவின்படி, குற்றவாளி கட்டும் அபராதத்திலிருந்தோ, அபராதம் விதிக்கப்படாதபோது தனியாகவோ இழப்பீடு வழங்க நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆனால் மேல்முறையீட்டுக்கு உரிய வழக்கில், அபராதத்திலிருந்து தரவேண்டிய தொகை மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை கைக்கு வராது.

இரண்டாவது வழி, அதே சட்டத்தின் 396ஆம் பிரிவின் கீழ் மாநில அரசு நிதியிலிருந்து தரப்படும் இழப்பீடு. குற்றவாளி தரும் தொகை போதாதபோதும், வழக்கு விடுதலையில் முடிந்து பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவைப்படும்போதும் விசாரணை நீதிமன்றம் இதற்குப் பரிந்துரைக்கலாம். தாக்கியவர் யாரென்றே தெரியாமல் நீதிமன்ற விசாரணை நடக்காத நிலையில், பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்திருப்போரோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் நேரடியாக விண்ணப்பிக்கலாம். இந்த உரிமையைத்தான் பலர் அறியாமலே இழக்கிறார்கள். ஆணைக்குழு 2 மாதங்களுக்குள் தன் விசாரணையை முடித்து, உரிய தொகையை வழங்க வேண்டும். காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி அல்லது நீதித்துறை நடுவரின் சான்றின் பேரில், முதலுதவி, இலவச மருத்துவ வசதி போன்ற இடைக்கால நிவாரணத்துக்கும் அது உடனே ஆணையிடலாம்.

இழப்பீடு தண்டனைக் குறைப்புக்குக் கொடுக்கும் விலை அல்ல. கொலை முயற்சியை சமூகத்துக்கு எதிரான கொடுங்குற்றமாகக் கருத வேண்டும் என்றும், இரு தரப்பும் சமரசம் செய்துகொண்ட காரணத்துக்காக மட்டும் அவ்வழக்கை ரத்து செய்யக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் 2019இல் மத்தியப் பிரதேச அரசு எதிர் லக்ஷ்மி நாராயண் வழக்கில் கூறியது. ஒவ்வொரு குற்ற வழக்கிலும் இழப்பீடு குறித்து நீதிமன்றம் மனம் செலுத்தியாக வேண்டும் என்று 2013இல் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கிலேயே அது தீர்ப்பளித்திருந்தது.

ஆகவே முதல் தகவல் அறிக்கை நகல், காயச் சான்றிதழ், மருத்துவ ரசீதுகள், வேலை இழப்புக்கான ஆதாரம் ஆகியவற்றைத் தொடக்கத்திலிருந்தே சேர்த்து வைத்து, தீர்ப்புக்கு முன்னரே அரசு வழக்கறிஞர் மூலம் இழப்பீட்டைக் கேட்க வேண்டும். தொகை போதவில்லையெனில் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 413ஆம் பிரிவின்படி பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம்; இலவச சட்ட உதவிக்கான எண் 15100.