சிவப்புக் கோட்டில் இருப்பது தங்கம்

வீட்டிலேயே கொரோனா பரிசோதனை செய்துகொள்ளும் கிட்டில் ஒரு சிவப்புக் கோடு தோன்றுமே, பெரும்பாலான கிட்டுகளில் அது மையோ சாயமோ அல்ல. தங்கம். நாம் நகையாகப் போட்டுக்கொள்ளும் அதே தங்கம்தான். ஆனால் ஒவ்வொரு துகளும் ஏறக்குறைய 40 நானோமீட்டர் அளவே இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் இப்படி இரண்டாயிரம் துகள்களை வரிசையாக அடுக்கிவிடலாம்.

அவ்வளவு பொடியானபின் தங்கம் மஞ்சளாகத் தெரிவதில்லை. ஒளி பட்டதும் துகளின் மேற்பரப்பிலுள்ள எலக்ட்ரான்கள் ஒருசேர ஆடுகின்றன. அந்த ஆட்டம் பச்சை ஒளியை விழுங்கிவிட, நம் கண்ணுக்குச் சிவப்பு வந்து சேர்கிறது. மைக்கேல் ஃபாரடே 1857-லேயே இந்த மாணிக்கச் சிவப்பை ஆராய்ந்தார். அவர் தயாரித்த தங்கக் கரைசல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் இருக்கிறது.

கிட்டுக்குள் இந்தத் துகள்கள் தனியாக இருப்பதில்லை. ஒவ்வொன்றின் மேலும் ஆன்டிபாடிகளை, அதாவது குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுகளை ஒட்டவைத்து, கிட்டுக்குள் இருக்கும் காகிதம் போன்ற பட்டையின் தொடக்கத்தில் உலர்த்தி வைத்திருப்பார்கள். மூக்கில் சுழற்றிய பஞ்சுக்குச்சியைக் கரைசலில் முக்கும்போது, அதிலுள்ள சோப்பு போன்ற பொருள் வைரஸின் உறையைக் கிழித்து, உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்தை வெளியே கொட்டுகிறது. அந்தக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டதும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அது பட்டையில் ஊர்ந்து போகிறது. போகிற வழியில் தங்கத்திலுள்ள ஆன்டிபாடி வைரஸ் புரதத்தின் ஒரு பக்கத்தைப் பற்றிக்கொள்கிறது. முடிவைக் காட்டும் 'டி' கோட்டில் நகராமல் காத்திருக்கும் இன்னொரு ஆன்டிபாடி அதே புரதத்தின் மறுபக்கத்தைப் பிடித்து நிறுத்துகிறது. இப்படிச் சிக்கிய தங்கம் சேரச் சேரக் கோடு சிவக்கிறது. புரதம் இல்லையென்றால் தங்கம் அங்கே நிற்காமல் கடந்துவிடும்.

அதற்கு அப்பால் இருக்கும் 'சி' கோடு வைரஸைத் தேடுவதே இல்லை. தங்கத்தோடு வரும் ஆன்டிபாடியையே அது பிடிக்கிறது. கரைசல் கடைசிவரை ஓடியது என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

கிட்டோடு வரும் கரைசலை வெறும் தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது. 2021-இல் பிரிட்டனில் பள்ளி மாணவர்கள் சிலர் கோலாவையும் ஆரஞ்சுச் சாற்றையும் பட்டையில் விட்டு 'பாசிட்டிவ்' வரவழைத்தார்கள். அந்தப் பானங்களின் அமிலம் ஆன்டிபாடிகளின் இயல்பைக் குலைக்க, வைரஸ் புரதமே இல்லாமல் தங்கம் 'டி' கோட்டில் ஒட்டிக்கொண்டது. அந்த அமிலத்தன்மையைச் சமன்செய்து, ஆன்டிபாடி தனக்குரிய புரதத்தை மட்டும் பிடிக்கும்படி பார்த்துக்கொள்வது கரைசலின் இன்னொரு வேலை.

இந்தியாவில் வீட்டிலேயே பரிசோதிக்கும் இந்த வசதி வந்தது 2021 மே மாதத்தில். இரண்டாம் அலையில் ஆய்வகங்கள் திணறிக்கொண்டிருந்தபோது, புனேயின் மைலேப் நிறுவனம் தயாரித்த கோவிசெல்ஃப் கிட்டுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். ஒப்புதல் தந்தது. விலை 250 ரூபாய். முடிவு 15 நிமிடத்தில். அப்போது ஐ.சி.எம்.ஆர். சொன்ன விதி முக்கியமானது: பாசிட்டிவ் என்றால் தொற்று உறுதி, மறுபரிசோதனை வேண்டாம், அறிகுறி இருந்தும் நெகட்டிவ் என்றால் உடனே ஆய்வகத்தில் செய்யும் ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை எடுக்க வேண்டும்.

ஏன் இந்தப் பாரபட்சம்? பி.சி.ஆர். முறையில் வைரஸின் மரபணுத் துணுக்கு ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகிறது. ஒரே ஒரு துணுக்கு, 30 சுற்றில் 100 கோடியைத் தாண்டிவிடும். பட்டையில் அப்படிப் பெருக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. பஞ்சில் எவ்வளவு புரதம் வந்ததோ அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தங்கம் சேர்ந்தால்தான் கோடு. தொற்றின் முதல் ஒன்றிரண்டு நாள்களில் புரதம் அந்த அளவை எட்டியிருக்காது. காலையில் வெறுமையாக இருந்த இடத்தில் மறுநாளே கோடு தெரியலாம். அதனால்தான் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022 ஆகஸ்டில், நெகட்டிவ் வந்தால் 48 மணி நேரம் கழித்து மறுபடி செய்யச் சொன்னது. அறிகுறியே இல்லாதவர்கள் மூன்று முறை செய்ய வேண்டும். ஒரே ஒரு நெகட்டிவை நம்பி வயதான பாட்டியைப் பார்க்கக் கிளம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

குறித்த நேரத்துக்குள் 'டி' கோடு எவ்வளவு மங்கலாகத் தெரிந்தாலும் அது பாசிட்டிவ்தான்; அங்கே தங்கம் நின்றிருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துத் தோன்றும் நிழலுக்கு அந்த மதிப்பு இல்லை. பட்டை காயும்போதும் அப்படி ஒரு கோடு விழலாம்.

பஞ்சுக்குச்சியை இரண்டு மூக்குத் துளைகளிலும் சுவரை ஒட்டி நன்றாகச் சுழற்றுங்கள். கூச்சப்பட்டு நுனியில் தொட்டு எடுத்தாலும், ஏன், மூக்கில் விடாமலே கரைசலில் முக்கினாலும், பெரும்பாலான கிட்டுகளில் 'சி' கோடு அதே சிவப்பில் பளிச்சென்று தெரியும்.