'டு' போடுவதா, 'இங்' போடுவதா?

ஆங்கில இலக்கணப் புத்தகங்களில் மாணவரைப் பாடாய்ப்படுத்தும் பட்டியல் ஒன்று உண்டு. 'வான்ட்', 'ஹோப்', 'டிசைட்' முதலிய வினைகளுக்குப் பின் 'டு' வரும். 'என்ஜாய்', 'அவாய்ட்', 'ஃபினிஷ்' முதலியவற்றுக்குப் பின் 'இங்' வரும். முன்னதற்கு இன்ஃபினிடிவ் என்று பெயர், பின்னதற்கு ஜெரண்ட். ஏன் இப்படி என்று சொல்லாமலேயே மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் பட்டியலின் பெரும்பகுதிக்குக் காரணம் இருக்கிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் 'டு' வினையின் உறுப்பே அல்ல. இன்றைய 'டிரிங்க்' அன்று 'டிரின்கன்'. 'அன்' என்ற ஈறே போதுமானதாக இருந்தது. 'டு' என்பது 'நோக்கி' என்று திசை காட்டும் இடைச்சொல். குடிப்பதற்காக என்று நோக்கத்தைச் சொல்லும்போது மட்டும் வினைக்கு முன்னால் அது வந்து நின்றது. பிறகு ஈறுகள் தேய்ந்து மறைய, 'டு' எங்கும் பரவியது. 'கேன்', 'மஸ்ட்' போன்ற துணைவினைகளுக்குப் பின் இன்றும் அது வருவதில்லையே, அங்கே பழைய வழக்கு அப்படியே தங்கிவிட்டது.

'இங்' வந்த வழி வேறு. அது வினையிலிருந்து பெயர்ச்சொல்லை உண்டாக்கும் விகுதி. பழைய ஆங்கிலத்தில் 'லெயோர்னுங்' என்றால் கற்றல். அதுதான் இன்றைய 'லேர்னிங்'.

ஆகவே 'டு' இனி நடக்கவேண்டியதை நோக்கி நீள்கிறது. 'இங்' ஒரு செயலை, நடந்ததாகவோ நடந்துகொண்டிருப்பதாகவோ, ஒரு பொருளைப் போல எடுத்து நம் முன் வைக்கிறது. விரும்புவது, நம்புவது, தீர்மானிப்பது, வாக்குக் கொடுப்பது எல்லாம் வருங்காலத்தைப் பற்றியவை, அதனால் 'டு'. ரசிப்பதற்கும் முடிப்பதற்கும் ஒப்புக்கொள்வதற்கும் செயல் ஏற்கெனவே இருந்தாக வேண்டும், அதனால் 'இங்'.

ஒரே வினை இரண்டையும் ஏற்கும் இடத்தில் இது பளிச்சென்று தெரியும். 'ஹீ ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்' என்றால் அவன் புகைப்பதை நிறுத்தினான். 'ஹீ ஸ்டாப்ட் டு ஸ்மோக்' என்றால் புகைப்பதற்காக நின்றான். 'ஐ ஃபர்காட் டு லாக் த டோர்' என்பவர் கதவைப் பூட்ட மறந்தவர்; வீடு திறந்து கிடக்கிறது. 'ஐ வில் நெவர் ஃபர்கெட் லாக்கிங் த டோர்' என்பவர் கதவைப் பூட்டியதை என்றும் மறக்கமாட்டார், பூட்டு விழுந்துவிட்டது.

தமிழ் வாக்கியங்களைக் கவனியுங்கள். 'பூட்ட மறந்தேன்', 'பூட்டியதை மறந்தேன்' என்ற வேறுபாட்டில் எந்தத் தமிழ்க் குழந்தையும் தடுமாறாது. 'பூட்ட' என்பது 'செய' வாய்பாட்டு வினையெச்சம். 'பூட்டியது' பெயராகி 'ஐ' உருபை ஏற்கிறது. தமிழ்வழி மாணவருக்கு ஆங்கிலம் கற்பிக்கும்போது இந்த அறிவைப் பயன்படுத்தாமல் விடுவது பெரிய இழப்பு.

விதிக்கு அடங்காதவையும் உண்டு. 'சஜஸ்ட்', 'போஸ்ட்போன்' இரண்டும் இனி நடக்கவேண்டியதைச் சொன்னாலும் 'இங்' கேட்கின்றன. 'மேனேஜ்' நடந்து முடிந்ததைச் சொல்லும்போதும் 'டு' கேட்கிறது. 'பிகின்', 'ஸ்டார்ட்' ஆகியவற்றில் எதைப் போட்டாலும் பொருள் பெரும்பாலும் மாறாது. இவற்றைப் பழக்கத்தால்தான் பிடிக்க வேண்டும். நல்லவேளை, இப்படிப்பட்டவை குறைவு.

வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் அதிகம் தவறுவது 'லுக் ஃபார்வர்டு டு' என்ற தொடரில். 'டு' இருக்கிறதே என்று 'மீட்' எழுதிவிடுகிறார்கள். 'மீட்டிங்' என்பதே சரி. இந்த 'டு' இன்னும் பழைய இடைச்சொல்தான். இடைச்சொல்லுக்குப் பின் பெயர்தான் வரும், வினை வந்தால் அதுவும் 'இங்' பெற்றுப் பெயராக வேண்டும். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஒரு பெயரைப் போட்டுப் பாருங்கள். 'ஐ லுக் ஃபார்வர்டு டு யுவர் ரிப்ளை' சரியாக நிற்கிறது, எனவே 'இங்' போடலாம். 'ஐ ஹோப் டு யுவர் ரிப்ளை' நிற்காது. அங்கே வினையை அப்படியே எழுத வேண்டும்.