'அப்' என்றால் மேலே மட்டும்தானா?

சாப்பாட்டு மேசையில் ஓர் ஆங்கிலேய அம்மா தன் குழந்தையிடம் 'ஈட் அப்' என்றால், தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு என்று அர்த்தம். சாப்பாடு போவதோ கீழே, வயிற்றுக்குள். மேலே என்று பொருள்படும் 'அப்' அங்கே என்ன செய்கிறது? 'கிவ் அப்' என்றால் கைவிடுவது. 'ஷோ அப்' என்றால் வந்து சேர்வது. 'மேக் அப்' என்றால் முகப்பூச்சு, கதை கட்டுவது, சண்டைக்குப் பிறகு ராசியாவது, மூன்றும். இவற்றைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதுதான் நம் வகுப்புகளில் வழக்கம். அது வீண் பாடு. இந்தப் பொருள்களில் பெரும்பாலானவை ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை. கிளைத்த வழியையும் காட்ட முடியும்.

அந்த வழியை முறையாகத் தேடியவர்களில் ஒருவர் மொழியியலாளர் சூசன் லிண்ட்னர். 1981-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் அவர் முடித்த முனைவர் பட்ட ஆய்வு, வினைச்சொற்களோடு 'அப்', 'அவுட்' இரண்டும் சேரும்போது என்ன நடக்கிறது என்பதைப் பற்றியது. இரண்டு சின்னச் சொற்களுக்கு ஒரு முழு ஆய்வேடு!

குழாயடியில் குடம் நிறைவதைப் பாருங்கள். நீர்மட்டம் ஏறுகிறது, விளிம்பைத் தொட்டதும் வேலை முடிந்தது. இதுதான் 'ஃபில் அப்'. ஏறுவதும் முடிவதும் இங்கே சேர்ந்தே நடக்கின்றன. எப்போதும் சேர்ந்து வரும் இரண்டில், நாளடைவில் 'முழுதாக முடிவது' என்ற பொருள் தனியாகக் கழன்றுகொள்ளும். அப்புறம் ஏற்றமே இல்லாத இடத்திலும் போய் ஒட்டும். அப்படித்தான் 'ஈட் அப்', 'யூஸ் அப்' (தீர்த்துவிடுவது), 'டேர் அப்' (கிழித்துப்போடுவது) எல்லாம் புரியத் தொடங்குகின்றன.

நமக்கு இது புதிதல்ல. 'சாப்பிட்டான்' வேறு, 'சாப்பிட்டுவிட்டான்' வேறு. அந்த 'விடு' கையிலிருந்து எதையும் விடவில்லை, வேலை முடிந்தது என்று மட்டும் சொல்கிறது. கிழித்துப்போட்டான், குடித்துத் தீர்த்தான் என்பவற்றிலும் போடு, தீர் ஆகியவை இதே வேலையைத்தான் செய்கின்றன. ஆங்கிலம் 'அப்' வைக்கும் பல இடங்களில் தமிழ் ஒரு துணைவினையை வைக்கிறது. இதை ஆறாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தால் எத்தனை பிள்ளைகளுக்கு பயம் விட்டுப்போகும்!

சரி, கடிதம் எரிந்தால் 'பர்ன்ட் அப்', வீடு எரிந்தால் 'பர்ன்ட் டவுன்' என்கிறார்களே? எதிரெதிரான இரண்டு சொற்கள் ஒரே அழிவைச் சொல்கின்றன. கடிதத்தில் கண்ணில் படுவது அது மிச்சமில்லாமல் தீர்ந்துபோவது. வீட்டில் கண்ணில் படுவது கூரையும் சுவரும் தரையோடு தரையாகச் சரிவது. எதைக் கவனிக்கிறோமோ அதற்கேற்ற சொல்.

இன்னொரு கிளை பார்வையிலிருந்து வருகிறது. குளத்தின் அடியில் கிடப்பது தெரியாது, மேலே மிதந்து வந்தால் தெரியும். ஆகவே கண்முன் வருவதெல்லாம் 'ஷோ அப்', 'டர்ன் அப்'. பேச்சில் ஒன்றைக் கொண்டுவருவது 'பிரிங் அப்'. நாமும் பேச்சை எடுக்கிறோம், பிரச்சினையைக் கிளப்புகிறோம்.

அளவும் இப்படியே. நெல்லைக் கொட்டக் கொட்டக் குவியல் உயர்கிறது. அதிகம் என்றால் மேலே என்று மனம் பழகிவிடுகிறது என 1980-இல் மொழியியலாளர் ஜார்ஜ் லேக்காஃபும் தத்துவ அறிஞர் மார்க் ஜான்சனும் எழுதினார்கள். விலை ஏறுகிறது, காய்ச்சல் ஏறுகிறது என்று நாம் சொல்வதும் அதே பழக்கத்தில்தான்.

ஆனால் எல்லாவற்றையும் எல்லா மொழியும் உயரத்தால் அளப்பதில்லை. ஆங்கிலத்திலும் டச்சு மொழியிலும் சுருதி மேலே, கீழே போகும். பாரசீகத்தில் அது மெல்லியது, தடித்தது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் சாரா டோல்ஷைடும் குழுவினரும் ஒரு சுரத்தைக் கேட்கவைத்து, கூடவே திரையில் ஒரு கோட்டைக் காட்டி, அதே சுரத்தைத் திரும்பப் பாடச் சொன்னார்கள். கோடு உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தபோது டச்சுக்காரர்களின் சுருதி பிசகியது. கோட்டின் தடிமன் மாறியபோது பாரசீகர்களின் சுருதி பிசகியது. தமிழ் இரண்டையும் வைத்திருக்கிறது. கச்சேரியில் ஆரோகணம், உச்சஸ்தாயி என்று ஏறுகிறோம். வீட்டிலோ, பையனுக்குக் குரல் உடைந்து கட்டையாகிவிட்டது என்கிறோம்.

ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள் இருந்தால் மூளை திணறாதா? 2002-இல் உளவியல் ஆய்வாளர் ஜெனிஃபர் ராடும் வேறு இருவரும் இதைச் சோதித்தார்கள். திரையில் வரும் எழுத்துக்கூட்டம் உண்மையான சொல்லா, இல்லையா என்று சட்டென்று சொல்ல வேண்டும். நாய் குரைப்பதையும் மரப்பட்டையையும் குறிக்கும் 'பார்க்' போல, தொடர்பே இல்லாத பொருள்கள் கொண்ட சொற்களில் மக்கள் தாமதித்தார்கள். 'ட்விஸ்ட்' போல, உறவுள்ள பல பொருள்கள் கொண்ட சொற்களை வேகமாக அடையாளம் கண்டார்கள். பொருள் பலவாக இருப்பது சுமையில்லை, உறவில்லாமல் இருப்பதுதான் சுமை.

'அப்' வந்த வழியிலேயே இந்த மேல், கீழ் கலப்பு இருக்கிறது. அதன் இந்தோ-ஐரோப்பிய வேர் 'உபோ', அடியிலிருந்து மேலே என்ற பொருளுடையது. அதே வேரிலிருந்துதான் சமஸ்கிருதத்தின் 'உப', கிரேக்கத்தின் 'ஹைப்போ', லத்தீனின் 'சப்' மூன்றும் வந்தன. ஆங்கிலம் மேலே ஏறும் பாதியை எடுத்துக்கொண்டது, கிரேக்கமும் லத்தீனும் பெரும்பாலும் அடியைப் பிடித்துக்கொண்டன. சர்க்கரை குறைந்தால் டாக்டர் சொல்லும் ஹைப்போகிளைசீமியா, நம்முடைய உபதலைவர், காவல் நிலையத்து சப் இன்ஸ்பெக்டர் எல்லாரும் 'அப்'புக்குச் சொந்தக்காரர்கள்தான்.