கை வைக்கும் முன் ஒரு கணக்கு

ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்ற பிள்ளைகளுக்கான ரோபோ போட்டி அது. மேசையருகே நின்ற பையனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். மேசையில் ஒரு மிஷனை, அதாவது கொடுத்த ஒரு வேலையை முடித்த ரோபோ, தான் கிளம்பிய ஹோம் என்ற பகுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. முன்பக்கம் கோட்டைத் தாண்டியதும் லபக்கென்று தூக்கிவிட்டான். பின்சக்கரம் அப்போதும் வெளியேதான் இருந்தது. நடுவராக நின்ற நான், அணிக்குப் புள்ளி தரும் டோக்கன்களில் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

"சார், பாதி உள்ள வந்திருச்சே?"

"முழுசா வரணும்பா."

அவன் முகம் வாடியது. விதிப்புத்தகத்தை அவன் படித்ததே இல்லை, கோச் வாய்மொழியாகச் சொன்னதுதான் தெரியும் என்பது பிறகு பேசும்போது புரிந்தது. ஃபர்ஸ்ட் லெகோ லீக் போட்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். மாதக்கணக்கில் ரோபோவுக்கு உழைக்கிற அணிகள் விதிகளுக்கு ஒரு மாலைப்பொழுதைக்கூட ஒதுக்குவதில்லை.

ஆட்டம் இரண்டரை நிமிடம். கடிகாரம் எதற்காகவும் நிற்காது. ரிமோட் கிடையாது. பிள்ளைகள் எழுதிய புரோகிராமில்தான் ரோபோ ஓட வேண்டும். அது ஹோமுக்குள் இருக்கும்போது தாராளமாகத் தொடலாம், அதில் மாட்டும் கருவியான அட்டாச்மென்டை மாற்றலாம். வெளியே இருக்கும்போது தொட்டால் ஒரு டோக்கன் போய்விடும்.

அந்த டோக்கன் கணக்கைத்தான் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்பேன். சமீப சீசன்களில் தொடக்கத்தில் ஆறு டோக்கன். ஆறும் மிஞ்சினால் 50 புள்ளி, ஐந்து மிஞ்சினாலும் அதே 50. நான்குக்கு 35, மூன்றுக்கு 25, இரண்டுக்கு 15, ஒன்றுக்கு 10. அதாவது முதல் தடவை தொடுவதால் புள்ளி எதுவும் குறையாது, இரண்டாவது தடவைதான் 15 போகும். ரோபோ எங்கோ மாட்டிக்கொண்டு சக்கரம் சும்மா சுற்றுகிறது, இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது, அடுத்த மிஷனில் 30 புள்ளி காத்திருக்கிறது என்றால் தைரியமாகத் தூக்கலாம். பத்து வினாடிதான் மிச்சம் என்றால் விட்டுவிடலாம். இதெல்லாம் வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிட்டு வர வேண்டியவை. மேசையருகே வந்த பிறகு பதற்றத்தில் யாருக்கும் கணக்கு வராது.

ஆட்டத்துக்கு முன் சோதனை ஒன்று உண்டு. ரோபோவும் அட்டாச்மென்ட்களும், ரோபோ புறப்படும் இடமான லாஞ்ச் ஏரியா ஒன்றுக்குள், 12 அங்குல உயரத்துக்குள் அடங்கினால் 20 புள்ளி. சும்மா கிடைக்கிற புள்ளி இது. ஆனால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பியால் இதைக் கோட்டைவிட்ட அணிகளைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பயிற்சி மேசை. சுமார் 8 அடிக்கு 4 அடி மேசையில் களம் அச்சிட்ட விரிப்பான மேட்டை விரித்து, மிஷன்களுக்கான லெகோ மாடல்களில் ஒட்ட வேண்டியவற்றை டூயல் லாக் என்ற பிடிப்புப் பட்டை போட்டு ஒட்ட வேண்டும். பல பள்ளிகளில் தரையில் மேட்டை விரித்து மாடல்களைச் சும்மா வைத்துவிட்டுப் பழகுகிறார்கள். அங்கே ரோபோ இடித்தால் மாடல் நகர்ந்துகொடுக்கும். போட்டி மேசையில் ஒட்டிய மாடல் அசையாது, ரோபோதான் கோணம் மாறிப் போகும். தரையில் ஓரச்சுவரும் இல்லை என்பதால் சுவரில் ஒட்டி நேராக்கிக்கொள்ளும் வித்தையையும் பழக முடியாது. லெகோ கிட்டுக்குச் செலவு செய்யும் பள்ளிகள் தயவுசெய்து ஒரு தச்சரை அழைத்து மேசையையும் செய்துவிடுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று ஆட்டங்களில் சிறந்த புள்ளி எதுவோ அதுதான் கணக்கு. அதுவும் மொத்த மதிப்பீட்டில் கால் பங்குதான். மீதி முக்கால் பங்கு, பெரும்பாலும் நீதிபதிகள் முன் பிள்ளைகள் நின்று பேசுவதில் இருக்கிறது: புத்தாக்கத் திட்டம், ரோபோ வடிவமைப்பு, அணியாகச் சேர்ந்து இயங்கும் விதம். பெரியவர் கட்டிக்கொடுத்த ரோபோ அந்த அறையில் வெளிப்பட்டுவிடும். "இந்த கியரை ஏன் இங்கே வைத்தீர்கள்?" என்று கேட்டதும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வையைக் காணும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும், ஏனென்றால் தவறு அவர்களுடையது அல்ல.

விதிப்புத்தகத்தைப் பிள்ளைகள் கையிலேயே கொடுங்கள். ஆளுக்கு ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கட்டும். சீசன் நடுவில் வரும் திருத்த அறிவிப்புகளையும் அவர்களே பார்க்கட்டும். பயிற்சியில் ஒரு பிள்ளை நடுவராக நிற்கட்டும், கையில் ஆறு சட்டைப் பொத்தான்கள் போதும். வெளியே இருக்கும் ரோபோவை யாராவது தொட்டால் ஒரு பொத்தானை எடுத்துவிட வேண்டும்.

அந்தப் பையன் அடுத்த ஆட்டத்துக்கு வந்தபோது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பின்சக்கரம் கோட்டைத் தாண்டிய பிறகுதான் கை முன்னால் வந்தது.